புளி போட்டு மினுக்கிய துவக்கு

அந்தத் துவக்கு எங்கள் நூதனசாலை அலுவலகத்துக்கு ஓர் உரப்பையில் சுற்றப்பட்டு வந்தது. துப்பாக்கியை எங்கள் பக்கத்தில் துவக்கு என்றும் அருங்காட்சியகத்தை நூதனசாலை என்றும்தான் சொல்வோம். கொண்டுவந்த பொலிஸ் சார்ஜன்ட் அதை வாழைக்குலையைப்போலத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினார். மேசையில் கிடத்திவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"மிஸ், கவனம். இது கோட்ஸ் சாமான்," என்றார். சிங்களம் கலந்த அவருடைய தமிழ் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு சொல்லையும் நின்று யோசித்து எடுத்துத் தருவார்.

கூடவே நீதிமன்றத்தின் கடிதமும் இருந்தது. இதைச் செய்தது யார், எவ்வளவு பழையது, இப்போது சுட முடியுமா, பெறுமதி என்ன என்று கேட்டிருந்தார்கள். அறிக்கை எழுதும் வேலையை எங்கள் பொறுப்பதிகாரி எனக்குத் தந்தார். தந்தார் என்பதைவிட நான் கேட்டு வாங்கினேன் என்பதே சரி.

"துவக்கோ? உமக்கேன் பிள்ளை உந்தத் தலையிடி?"

"தாங்கோ சேர், நான் பாக்கிறன்."

என் பெயரில் போகப்போகிற முதல் அறிக்கை அது. அதற்காகத் தலையிடி என்ன, காய்ச்சலே வந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா வல்வெட்டித்துறையில் கடற்றொழில் செய்கிறார். இடப்பெயர்வுகளுக்கிடையில் அவருடைய படிப்பு எழுத்துக்கூட்டி வாசிப்பதோடு நின்றுபோனது. அம்மா இன்றைக்கும் பெருவிரலைத்தான் மையில் தொட்டு வைக்கிறார். நான் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்தபோது, அது என்ன வேலைக்கான படிப்பு என்று கேட்டவர்களுக்கு "மண்ணைக் கிண்டுற வேலை" என்று அப்பா சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். ஆனால் என் பட்டமளிப்புப் படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு, படகில் எஞ்சின் சாவிகள் வைக்கும் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். கடலுக்குப் போகும்போதெல்லாம் நானும் போகிறேன். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருந்தது. நான் படித்தது மட்பாண்ட ஓடுகளைப் பற்றி. துவக்கைப் பற்றி ஒரு வரிகூடப் படித்ததில்லை.

உரப்பையை அவிழ்த்தபோது முதலில் கண்ணில் பட்டது மினுக்கம். அவ்வளவு பழைய இரும்பு அப்படி மினுங்கக் கூடாது. பித்தளைப் பாகங்கள் தைப்பொங்கலன்று காலையில் இருக்கும் பொங்கல் பானைபோலப் பளபளத்தன. நீளம் குறைவு, என் இடுப்பளவுகூட வராது. குதிரைமேல் இருப்பவர்கள் பிடிப்பதற்கென்று செய்த குட்டைத் துவக்கு, கார்பைன் என்பார்கள். குழலின் வாய் வழியாக மருந்து போட்டு இடித்து நிரப்பிச் சுடும் பழைய வகை. எங்கு திருப்பிப் பார்த்தாலும் ஓர் எழுத்தில்லை, ஓர் இலக்கமில்லை, ஒரு முத்திரையில்லை. குழந்தையின் முதுகுபோல வழுவழுப்பு.

வழக்கின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பருத்தித்துறைக்குப் பக்கத்திலுள்ள ஒரு கரையோர ஊரில் ஒரு கடற்றொழிலாளியின் வீடு. ஆயுத பூசையன்று வலை, துடுப்பு, படகு எஞ்சின், வலை பின்னும் ஊசி எல்லாவற்றையும் சாமியறையில் வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். பரம்பரை பரம்பரையாகச் செய்வதுபோலத் துவக்கையும் நடுவில் வைத்தார்கள். அந்த வீட்டு மகள் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டாள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. மறுநாள் பொலிஸ் வந்தது.

அனுமதிப்பத்திரம் இல்லை. அதைவிடப் பெரிய சந்தேகம், முத்திரை எதுவும் இல்லை என்பது. வன்னிப் பக்கத்தில் பன்றிக்கும் மானுக்கும் வைப்பதற்கு ஊரிலேயே செய்கிற துவக்குகள் உண்டு. கட்டுத்துவக்கு என்பார்கள். அதைச் செய்தாலும் வைத்திருந்தாலும் மறியல்தான், அதாவது சிறை. முத்திரை இல்லாத துவக்கு என்றால் ஒன்று ஊரில் செய்தது, அல்லது முத்திரையை அராவி அழித்துக் கடத்தி வந்தது. பொலிஸார் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். பழம்பொருள் என்று எங்கள் அலுவலகம் சொன்னால் மட்டுமே அந்த மனிதர் தப்பலாம் என்று அவருடைய சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

இரண்டொரு நாளில் துவக்குக்குரிய அந்த மனிதரே வந்தார். பிணையில் விடப்பட்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளெல்லாம் கயிறு இழுத்த உரம். கூடவே மனைவியும். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மனைவி கழற்றவில்லை, நேராக உள்ளே வந்தார்.

"ஆர் தங்கச்சி உந்தத் துவக்கைப் பாக்கிறது?"

"நான்தான் அக்கா."

அந்த அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்சை வாங்கோ. ஒரு பெட்டைப் பிள்ளைதான் பாக்குதாம். இனி நீங்கள் மறியலுக்குப் போனமாதிரித்தான்."

"சும்மா இரப்பா," என்றார் அவர். என் பக்கம் திரும்பி, "அவள் பயத்திலை கதைக்கிறாள், குறை நினையாதைங்கோ," என்றார்.

நான் குறை நினைத்தேன். ஆனால் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். தேத்தண்ணியும் வந்தது.

"எந்த ஊர் தங்கச்சி?" என்று கேட்டார் அவர். சொன்னேன். அப்பாவின் தொழிலையும் சொன்னேன். அதோடு அவருடைய முதுகு நிமிர்ந்தது. "அப்ப எங்கடை ஆள். துவக்கின்ரை கதையை உங்களுக்குச் சொல்லலாம்."

அவருடைய பூட்டனாருக்கும் முந்திய ஒருவர் தண்டையலாம். பாய்க்கப்பலை நடத்துகிறவரைத் தண்டையல் என்பார்கள். நாகப்பட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் ஓடியவர். ஒருமுறை காற்றில் கவிழ்ந்த கப்பலொன்றிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரையைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றினாராம். துரை தன்னுடைய துவக்கையே கழற்றிப் பரிசாகக் கொடுத்தாராம்.

"துரை தந்த துவக்கு. அதிலைதான் எங்கடை வீட்டுக்கே பேர். துவக்கு வீடு எண்டால் ஊரிலை ஆரும் காட்டுவினம்."

"அந்தத் துரையும் கடதாசி ஒண்டு எழுதித் தந்திருக்கலாம்," என்றார் மனைவி. "தலைமயிரிலை பிடிச்சுத் தூக்கினதுக்குக் கோவமாக்கும்."

"இடம்பெயரேக்கை?" என்று கேட்டேன். அத்தனை வருடப் போரில் ஒரு துவக்கு எப்படித் தப்பியது என்பது எனக்கு விளங்கவில்லை.

"கிரீஸ் பூசி, பாயிலை சுத்தி, கோழிக்கூட்டுக்குக் கீழை தாட்டது. திரும்பி வரேக்கை வீடு இல்லை, கோழி இல்லை. துவக்கு கிடந்தது." தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, எனக்கு ரண்டு பொம்பிளைப் பிள்ளையள். நான் உள்ளுக்குப் போனால் படகு கரையிலைதான் கிடக்கும். நீங்கள் பொய் எழுத வேண்டாம். வடிவாப் பாருங்கோ, அவ்வளவுதான்."

அவர்கள் போன பிறகு பொறுப்பதிகாரி என் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் நீதிமன்றம் என்றால் பயம். உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக் குதிரைக்குப் பக்கத்திலிருக்கும் இரும்புத் தகட்டைப் பார்த்தார். சுடும்போது அடிக்கிற வளைந்த பாகத்தைக் குதிரை என்பார்கள். செய்தவர் பெயரும் அரச முடியும் இருந்தால் அதற்குப் பக்கத்துத் தகட்டில்தான் இருக்க வேண்டும்.

"உதிலை ஏதோ இருந்திருக்கு பிள்ளை. இஞ்சை பாரும், நிழல்மாதிரி. ஆரோ அழிச்சிருக்கினம். 'அடையாளம் காண முடியவில்லை' எண்டு எழுதிவிடும். எங்களுக்கும் பிரச்சினை இல்லை."

எங்களுக்குப் பிரச்சினை இல்லைத்தான். அழித்திருக்கிறார்கள் என்று நாங்களும் ஒப்புக்கொண்டால், அந்த மனிதருக்கு எல்லாமே பிரச்சினை.

நான் கண்ணாடியை வாங்கி அந்தத் தகட்டை நெடுநேரம் பார்த்தேன். அரம் பிடித்தால் இரும்பு தட்டையாகும். கோடுகள் ஒரே பக்கமாக ஓடும். இங்கே தகட்டின் விளிம்புகள் பாதி கரைந்த சவர்க்காரக் கட்டிபோல மழுங்கியிருந்தன. பித்தளைப் பிடங்கில், தோளில் முட்டுகிற அந்த அடிப்பாகத்தில், மேடெல்லாம் பள்ளமெல்லாம் ஒரேயளவு வழுவழுப்பு. திருகாணித் தலைகளின் வெட்டுகூடப் பாதி தேய்ந்துபோயிருந்தது. களவை மறைக்க நினைக்கிறவன் பெயரை அராவுவான், இலக்கத்தை அராவுவான். திருகாணித் தலையை எதற்கு அராவ வேண்டும்?

அப்படிப்பட்ட தேய்மானத்தை நான் எங்கே பார்த்தேன் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் சீதனச் செம்பு ஒன்று இருக்கிறது. அதில் பொறித்திருந்த எழுத்து எங்கே இருந்தது என்பதை இப்போது விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. தேய்த்தவள் நானும்தான்.

உடனே அந்த அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, துவக்கை என்னத்தாலை மினுக்கிறனீங்கள்?"

"பித்தளைக்குப் பழப்புளியும் சாம்பலும். இரும்புக்குச் செங்கட்டித் தூள். கடைசியிலை தேங்காயெண்ணெய். ஏன், வடிவா இல்லையோ?"

"நல்ல வடிவு அக்கா. அதுதான் இப்ப பிரச்சினை. ஒவ்வொரு வருசமுமோ?"

"ஒவ்வொரு ஆயுத பூசைக்கும். நான் கலியாணம் முடிச்சு வந்த நாளிலையிருந்து நான். எனக்கு முன்னம் மாமி. வீட்டுக்கு வந்த மருமகள்தான் மினுக்க வேணும், அது அவையின்ரை வழக்கம். வந்த முதல் வருசம் மாமி பக்கத்திலை கதிரை போட்டு இருந்து பாத்தவ. கை உளையுது எண்டு சொல்லேலுமோ? முகம் தெரியுற மட்டும் தேய்ச்சனான்."

தொலைபேசியை வைத்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். ஒரு பெரிய இராச்சியத்தின் கைவினைஞன் உளியால் ஆழமாக வெட்டி வைத்த எழுத்தை, தலைமுறை தலைமுறையாக வந்த மருமகள்மார், மாமிமாரின் கண்ணுக்குப் பயந்து, புளி போட்டு அழித்திருக்கிறார்கள்.

சிரித்து முடித்ததும் அடுத்த யோசனை வந்தது. புளி எங்கே போயிருக்காது? மருமகளின் விரல் எட்டாத இடத்துக்கு. மரத்தோடு ஒட்டியிருக்கும் குழலின் அடிப்பக்கத்துக்கு.

கழற்றுவதற்கு நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டு எழுதினோம். கிடைத்தது, சார்ஜன்ட் முன்னால் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இடைப்பட்ட நாட்களில் நான் நூலகத்தில் இருந்தேன், இணையத்தில் இருந்தேன். வெளிநாட்டு நூதனசாலைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து என் கனவிலும் குதிரைப்படை ஓடியது. "உவளைப் படிப்பிச்சது துவக்குத் தூக்கவோ?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டார். "அவள் தூக்கேல்லை, கழட்டுறாள்," என்றார் அப்பா.

இப்படியான பழைய துவக்குகளில் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே மருந்து இருக்கிறதா என்பது. நூறு வருடத்துக்கு முன் நிரப்பியதைச் சுடாமலே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். வாய்ப்பக்கத்தை மணல் மூட்டைக்கு நேரே வைத்து, நீளமான மூங்கில் குச்சியொன்றைக் குழலுக்குள் மெதுவாக இறக்கினேன். நின்ற இடத்தை விரலால் பிடித்தபடி வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்து அளந்தேன். குச்சி பாதிக்குச் சற்று மேலேதான் போயிருந்தது.

"சேர், உள்ளுக்கு ஏதோ கிடக்கு."

பொறுப்பதிகாரிக்கு அந்த நேரம் பார்த்து ஓர் அவசரக் கடிதம் ஞாபகம் வந்தது. சார்ஜன்ட் கதவுக்குப் பின்னால் போய்த் தலையை மட்டும் நீட்டினார்.

"மிஸ், வீட்டில அம்மா அப்பாவுக்குச் சொல்லிட்டு வந்தீங்களா?"

சொல்லாமல்தான் வந்திருந்தேன். குழலுக்குள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் வந்து சரித்தேன். வெளியே வந்த தண்ணீர் கருமருந்து நாறவில்லை. சந்தனம் மணத்தது. கம்பியைக் கொக்கிபோல வளைத்து விட்டு இழுத்தேன். காய்ந்து சுருண்ட செவ்வரத்தம் பூ வந்தது. பிறகு கட்டியாக இறுகிய விபூதி. மறுபடி பூ, குங்குமம், திரிநூல், கற்பூரம் சுற்றிவரும் கடதாசி. வருடா வருடம் பூசையில் குழலின் வாயில் செருகிய பூக்கள், அடுத்த வருடப் பூவால் உள்ளே தள்ளப்பட்டு, அடுக்கடுக்காக இறுகிக் கிடந்தன. அறை முழுக்கக் கோயில் வாசம்.

சார்ஜன்ட் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து மேசையைப் பார்த்தார்.

"இது துவக்கு இல்லை மிஸ். பூச்சாடி."

சுட முடியுமா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதிலை நான் பிறகு எழுதவில்லை.

குழலை மரத்தோடு பிணைத்திருந்த ஆப்பையும் திருகாணிகளையும் கழற்றினேன். தேய்ந்த திருகாணித் தலையில் திருப்புளி பிடிக்கவே இல்லை. எண்ணெய் விட்டு விட்டு, மூச்சைப் பிடித்துத் திருப்பினேன். குழல் மரத்தைவிட்டு எழும்பியபோது அதன் அடிப்பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. பழைய எண்ணெய், தூசி, கரி. யாருடைய புளியும் தொடாத இரும்பு. பஞ்சை நனைத்து மெல்ல ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை, ஒற்றினேன். முதலில் ஒரு கிரீடம் தெரிந்தது. அதன் கீழே குறுக்காகக் கிடக்கும் இரண்டு செங்கோல்கள். பக்கத்திலேயே அதைப்போல இன்னொன்று. சற்றுத் தள்ளி இரண்டு ஆங்கில எழுத்துகள்.

நூற்றைம்பது வருடங்களாக யாரும் பார்க்காததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மையில் பெருவிரல் தொட்டு வைக்கிற அம்மாவின் மகள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சேர்!" என்று கத்தினேன். அவசரக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார். கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"நீரே எழுதும் பிள்ளை. நான் ஒரு சொல்லும் மாத்த மாட்டன்."

கிரீடமும் குறுக்குச் செங்கோலும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில், குழல் வெடித்துப்போகாது என்று சோதித்துப் பார்த்து அடிக்கிற குறி. ஆகவே ஊரில் செய்தது இல்லை, கட்டுத்துவக்கு இல்லை. குறியும் துவக்கின் அமைப்பும் சேர்ந்து நூற்றைம்பது வருடத்துக்குக் குறையாத பழமையைச் சொன்னன. குழல் செய்தவனுக்குரிய அந்த இரண்டு எழுத்துகள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. அதே முதலெழுத்துகளோடு அந்த நகரத்தில் பலர் துவக்குச் செய்திருக்கிறார்கள். "ஒரு பெரிய ஆளின்ரை பேரைப் போட்டுவிடுங்கோ, வழக்குக்கு நல்லது," என்று சட்டத்தரணி தொலைபேசியில் சொன்னார். "நகரம் தெரியும், ஆள் தெரியாது. அப்படித்தான் எழுதுவன்," என்றேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

இன்னொன்றும் இருந்தது, அதை எழுதத்தான் யோசித்தேன். பிரித்தானிய அரசாங்கத்தின் துவக்கு என்றால் குழலின் அடியிலும் மரத்திலும் உள்ளுறுப்புகளிலும் ஓர் அம்புக்குறி இருக்க வேண்டும். ஒவ்வோர் அங்குலமாகத் தேடினேன். இல்லை. படைக்குக் கொடுத்த துவக்கு இல்லை இது. படைத் துவக்கைப்போலவே செய்து, துறைமுக நகரங்களில் கப்பல்காரர்களுக்கு விற்ற துவக்கு. எந்தத் துரையின் இடுப்பிலும் இது தொங்கியிருக்கும் என்று தோன்றவில்லை. சந்தைப் பெறுமதியும் அதனால் குறைவு. மினுக்கியது மிச்சத்தையும் தின்றுவிட்டது. எல்லாவற்றையும் எழுதினேன். வடமராட்சிக் கடலோடிகளின் வாழ்க்கைக்கு இது அரிய சாட்சி, நூதனசாலைக்குப் பெறுமதியானது என்றும் எழுதினேன். கீழே என் பெயரை எழுதிக் கையொப்பம் வைத்தேன். அந்தக் கையொப்பத்தை முதல் நாள் வீட்டில் எழுதிப் பழகியிருந்தேன்.

நீதிமன்றத்தில் அந்த மனிதர் கூட்டுக்குள் நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. மனைவி பின் வரிசை வாங்குப் பலகையில் இருந்தார். இரண்டு மகள்மாரும் அவரை ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். பேஸ்புக்கில் படம் போட்டவள் அழுது கண் வீங்கியிருந்தாள்.

பொலிஸ் தரப்பில் ஒருவர் எழுந்து, முத்திரைகள் திட்டமிட்டு அழிக்கப்பட்டிருக்கலாம் அல்லவா என்று கேட்டார். நான் அரத்தின் கோட்டையும் புளியின் தேய்மானத்தையும் விளக்கினேன். திருகாணித் தலைகளைக் காட்டினேன். பர்மிங்ஹாம் குறியையும் அரசாங்க அம்புக்குறி இல்லாததையும் சொன்னேன். மருமகள்மார் கதைக்கு வந்தபோது பின் வாங்குகளில் சிரிப்பு எழுந்தது. "அமைதி!" என்று நீதிமன்ற ஊழியரான முதலியார் சத்தம் போட்டார்.

நீதவான் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீங்கள் இதற்கு முன் துப்பாக்கி பரிசோதித்திருக்கிறீர்களா?"

"இல்லை, கனம் நீதவான் அவர்களே. இதுதான் முதல்."

"அப்படியென்றால் இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள்?"

"குறிகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். தேய்மானத்தை வீட்டில் பித்தளை மினுக்கித் தெரிந்துகொண்டேன்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார். எழுதுகிற பேனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டுக்குள் இருந்தவரின் கை கம்பியைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

துவக்கு பழம்பொருள், சுடமுடியாத நிலையில் இருக்கிறது, குற்ற நோக்கம் காணப்படவில்லை. நூதனசாலை பொறுப்பேற்க வேண்டும். சந்தேகநபர் எச்சரித்து விடுவிக்கப்படுகிறார். தீர்ப்பு அவ்வளவுதான். அந்தச் சொற்கள் விளங்க அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மகள்மார்தான் முதலில் எழுந்து ஓடினார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அந்த அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, பிடித்துக்கொண்டே நின்றார். கணவர் மட்டும் கொஞ்சம் தள்ளி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றார். விடுதலையான மனிதரின் முகமாக அது இல்லை.

"அண்ணை, ஏன்?" என்றேன்.

"உள்ளுக்கு நீங்கள் சொன்னதைக் கேட்டனான். அரசாங்கத் துவக்கில்லை, கடையிலை வித்ததெண்டு. அப்ப துரை தரேல்லையோ?"

"ஆரையும் காப்பாத்தேல்லை எண்டு நான் சொல்லேல்லை அண்ணை. துவக்கைப் பாத்தால் கடையிலை வாங்கினமாதிரித்தான் இருக்கு."

"நூற்றைம்பது வருசமாத் துவக்கு வீடு எண்டு இருந்தனாங்கள். இனி ஊரிலை என்னத்தைச் சொல்லுறது?"

"உங்கடை பரம்பரைக்கு ஆரும் சும்மா ஒண்டும் தந்திருக்க மாட்டினம் எண்டு நான் வந்த அண்டைக்கே நினைச்சனான்," என்றார் மனைவி. உயிர் திரும்பிவிட்டது, நாக்கும் திரும்பிவிட்டது.

எனக்கு ரோசம் வந்தது. யாரோ உதவி செய்துதான் நான் படித்தேன் என்று பேசுகிறவர்களிடம் வரும் அதே ரோசம்.

"அண்ணை, துரை தாறதெண்டால் ஆருக்கும் தரலாம். பக்கத்திலை நிண்டவனுக்கும் தரலாம். இது விலை குடுத்து வாங்கினது. அந்தக் காலத்திலை கப்பலுக்கெண்டு துவக்கு வாங்கிறதெண்டால் ஆர் வாங்குவினம்? கப்பல் உள்ளவைதான் வாங்குவினம்."

அவர் வேப்பமரத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கனடாவிலிருக்கும் தமையனை அழைத்தார். அங்கே இன்னும் விடிந்திருக்காது என்று மனைவி சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

"அண்ணை, விட்டிட்டினம்! ... ஓம், ஓம், ஒண்டுமில்லை. அதை விடு. துரையும் இல்லை, மண்ணும் இல்லையாம். எங்கடை ஆள் சொந்தக் காசிலை வாங்கினதாம், சொந்தக் கப்பலுக்கு! கோட்டிலையே சொல்லிப்போட்டினம். எங்கடை பெட்டை ஒண்டுதான் சொன்னது, படிச்ச பெட்டை."

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அறிக்கைக் கோவையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக நின்றேன்.

பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, அங்கை கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைக்கேக்கை ஒரு மட்டை எழுதி வைப்பியள்தானே. என்ன எழுதுவியள்?"

"பர்மிங்ஹாம் நகரில் செய்தது. வடமராட்சித் தண்டையல் ஒருவர் தம் கப்பலுக்காக விலைகொடுத்து வாங்கியதாகக் கருதப்படுகிறது."

"கருதப்படுகிறது எண்டதை வெட்டுங்கோ."

"வெட்டேலாது அண்ணை. அதுக்கு ஆதாரம் வேணும்."

"ஆதாரமோ?" என்றவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, படம் எடுக்க நிற்பவரைப்போல நெஞ்சை நிமிர்த்தி என் முன்னால் நின்றார். "நான் நிக்கிறன்தானே, பாருங்கோ."